கோட்டைப் பக்கம் உதித்த சூரியன்

1886 ஜூன் 8, செவ்வாய்க்கிழமை. அன்று விடியும் முன்பே லண்டன் பாராளுமன்றத்தில் அயர்லாந்துத் தன்னாட்சி மசோதா முப்பது ஓட்டில் தோற்றுப்போனது. டப்ளினில் அன்று அழுதவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அலுவலகப் படிக்கட்டில் நின்றவர் ஒரே ஒருவர்தான். எங்கள் ‘பச்சைக் கொடி’ வாரப் பத்திரிகையின் கேலிச்சித்திரக்காரர், நாற்பத்தாறு வயது இக்னேஷியஸ் டெலஹன்ட்.

டெலஹன்டைத் தேசபக்தர் என்று சொல்கிறார்கள். மதில்மேல் பூனையும் ஒருவகையில் தேசபக்தன்தான், மதில் நம் நாட்டில் இருக்கிற வரைக்கும். இருபது வருடமாக வாரம் ஒரு வண்ணப்படம் வரைந்தார். தடித்த தாளில் அச்சாகிப் பத்திரிகையோடு இலவசமாகப் போகும் அந்தப் படத்தை, காலாண்டு வாடகைக்குத் திண்டாடுகிற குடியானவன்கூடக் கஞ்சி காய்ச்சிப் பசை எடுத்து ஏசுநாதர் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தான். அந்த மரியாதைக்குத் தகுதியான படம் ஒன்றையாவது டெலஹன்ட் வரைந்தாரா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இல்லை.

அவருடைய தொழில் ரகசியம் எளிமையானது. கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் வண்ணப்படம் தயாராக ஒரு வாரம் பிடிக்கும். அரசியல் ஒரு ராத்திரியில் மாறிவிடும். இந்தச் சனிக்கிழமை வரைந்த படம் அடுத்த சனிக்கிழமை பொய்யாகிவிட்டால் மானம் போகும். அதனால் டெலஹன்ட் எந்தப் பக்கமும் சாயாத படமாகவே வரைந்தார். கட்சித் தலைவரை ஆங்கிலேயர்கள் சிறையில் போட்டபோது, சிறைக் கதவு பாதி திறந்திருக்க, தலைவர் வாசற்படியில் ஒரு காலை வைத்து நிற்பதாக ஒரு படம் வந்தது. ‘உள்ளே போகிறது சிங்கம்’ என்று அடியில் எழுதியிருந்தது. ஆறேழு மாதம் கழித்துத் தலைவரை விட்டார்கள். அதே கல்லை அலமாரியிலிருந்து இறக்கி, அடியில் இருந்த வரியை மட்டும் சுரண்டிவிட்டு, ‘வெளியே வந்தது சிங்கம்’ என்று எழுதி மறுபடி அச்சிட்டார்கள். கண்டுபிடித்தவர் எவரும் இல்லை. கண்டுபிடிக்க அந்தப் படத்தில் என்ன இருக்கிறது?

அவருடைய எரினைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எரின் என்றால் அயர்லாந்துத் தாய். பச்சைச் சேலை போல ஒரு சால்வை, தலையில் இலைக்கிரீடம், கையில் வாள். முகத்தை ஏதோ சோப்பு விளம்பரத்திலிருந்து எடுத்திருந்தார். லண்டன் நகைச்சுவைப் பத்திரிகைகள் நம்மை நீண்ட மேலுதடும் மண்குழாய்ப் புகையும் கிழிந்த தொப்பியுமாகக் குரங்கு போல வரைந்துகொண்டிருந்தன. அந்த ஓவியர்களில் பாதிப் பேர் கடலைத் தாண்டியதே கிடையாது. மிருகக்காட்சிசாலைக்குப் போய், கூண்டுக்கு முன்னால் நின்று, அயர்லாந்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அதற்குப் பதிலடி என்று டெலஹன்ட் கொடுத்தது சோப்புக்காரியை. மூர் தெருவில் கூவிக்கூவி மத்தி மீன் விற்கிற பெண்ணை இரண்டு தரப்பும் வரையவில்லை. அவள் குரங்காகவும் இல்லை, தேவதையாகவும் இல்லை. அதனால் யாருக்கும் பயன்படவில்லை.

அந்த எரினிடம் ஒரு விசேஷம் உண்டு. அவள் இடக்கைக்காரி. வாளை இடக்கையில் பிடிப்பாள், கொடியை இடக்கையால் ஆட்டுவாள், பிரதமருக்கு இடக்கையால் கைகொடுப்பாள். அவள் மட்டுமல்ல, டெலஹன்ட் படத்தில் பாதிரியார் ஆசீர்வதிப்பதும் இடக்கையால்தான். காரணம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கல்லில் வரைந்தால் தாளில் கண்ணாடியில் பார்ப்பது போல மாறி விழும். கல்லில் வலப்பக்கம் போட்டது தாளில் இடப்பக்கம் வரும். அதைக் கணக்கில் வைத்து மாற்றி வரைவதுதான் தொழில். எழுத்துகளை இடவலம் மாற்றி எழுத பார்ட்டில் டைனன் என்று தனியாக ஓர் ஆள் இருந்தார். படத்தை மாற்றி வரைய வேண்டியவர் டெலஹன்ட். அவர் மாற்றியதே இல்லை. இடமோ வலமோ, எந்தப் பக்கமும் இல்லாத படத்துக்கு அது எதற்கு? சந்தா கட்டியவர்கள் அதை ஓர் அழகு என்று நினைத்துக்கொண்டார்கள். அச்சுக்கூடத்தில் மட்டும் ‘பீச்சாங்கை எரின்’ என்று பெயர்.

1886 வசந்தத்தில் மசோதா வந்தது. பிரதமரே கொண்டுவருகிறார், காலேஜ் கிரீன் சதுக்கத்தில் வங்கியாகிக் கிடக்கும் நம் பழைய பாராளுமன்றம் மறுபடி திறக்கப்போகிறது என்று டப்ளின் குதித்தது. யாரைப் பார்த்தாலும் ஒரு பதவி நிச்சயமாகியிருந்தது. எங்கள் ஆசிரியர் ஆம்ப்ரோஸ் கீஹோவுக்கு மந்திரி பதவி. டெலஹன்டுக்குப் பாராளுமன்ற ஓவியர் பதவி, ஓய்வூதியத்தோடு. வாக்குக் கொடுத்தது கீஹோ. அதற்குத் தங்கநிறப் பொத்தான் வைத்த பச்சைக் கோட்டு ஒன்றைத் தையல்காரரிடம் அளவு கொடுத்துவிட்டும் வந்தார் டெலஹன்ட்.

மே மாதக் கடைசியில் கீஹோ அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் அதே அறையில் அடுத்த மேஜையில் இருந்தேன்.

“இக்னேஷியஸ், இந்தத் தடவை உன் பாதிக்கதவு வேலையெல்லாம் வேண்டாம். எனக்கு விடியல் வேணும்.”

“போட்டுடலாம் ஐயா. கடல்ல பாதி சூரியன், எரின் நின்னு பாக்குறா...”

“பாதி சூரியனா? யோவ், அது உதிக்குதா முழுகுதான்னு எவனுக்குத் தெரியும்?”

“அதுதான் ஐயா அதுல உள்ள...”

“எனக்குப் புரியுது உன் சூட்சுமம். தோத்தா அஸ்தமனம்னு கீழே எழுதிக்கலாம், அப்படித்தானே? முடியாது. காலேஜ் கிரீன் போடு. பழைய பாராளுமன்றக் கட்டடம் போடு. அதுக்கு வலப்பக்கம், ட்ரினிட்டி கல்லூரிப் பக்கமா, சூரியன் வரணும். ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியணும், இது கிழக்கு, இது விடியல்னு.”

டெலஹன்ட் மீசையைத் தடவிக்கொண்டார். “ஓட்டு திங்கட்கிழமை ராத்திரி. படம் அதுக்கு முந்தின சனிக்கிழமையே வெளியாகுது. ஒருவேளை தப்பாப் போயிட்டா என் பேரு என்னங்க ஆகறது?”

“உன் பேரா? உன் பேர் எவனுக்குய்யா தெரியும்? சூரியன் கிழக்கே வந்தா கோட்டு உனக்கு. இல்லேன்னா வீட்டுக்குப் போய் முட்டைக்கு வண்ணம் அடி.”

வாழ்நாளில் முதன்முறையாக டெலஹன்ட் ஒரு பக்கம் சாய்ந்தார். அவரை அறிந்தவர்கள் இதைத் துணிச்சல் என்று சொல்ல மாட்டார்கள். ‘டெலஹன்ட் தப்பாக வரைந்தார்’ என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது, அவருக்கு உயிர் அதில்தான் இருந்தது. பச்சைக் கோட்டு அதையும் மறக்கடித்துவிட்டது.

கல்லில் வரைந்தார். கட்டடத்தின் தூண்களை ஒவ்வொன்றாக வரைந்தார். சோப்புக்காரியை வாசலில் நிறுத்தினார். வலப்பக்கம், தட்டு அளவுக்கு, கதிரோடு சூரியனைப் போட்டார். கல்லில் வலப்பக்கம்.

வியாழக்கிழமை முதல் தாள் அச்சாகி வந்தது. அலுவலகமே கூடி நின்று பார்த்தோம். மஞ்சள் நன்றாக விழுந்திருந்தது. அடியில் டைனன் எழுதிய ‘விடிந்தது!’ என்ற வரி பளிச்சென்று இருந்தது. கீஹோ விஸ்கி வரவழைத்தார். அந்தக் கட்டடம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பது. திருப்பிப் போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. சூரியன் இடப்பக்கம் இருந்தது எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. காலேஜ் கிரீனில் சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமானால் அந்த நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும். பத்திரிகை அலுவலகத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்?

சனிக்கிழமை காலையில் படத்தை அலுவலகச் சன்னலில் ஒட்டினோம். கூட்டம் கூடியது, தொப்பியைத் தூக்கி ஆர்ப்பரித்தது. மோக் ராஃப்டர் என்கிற குதிரைவண்டிக்காரர் மட்டும் வண்டியிலிருந்து இறங்கி வந்து, சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். வருடக்கணக்காகக் காலேஜ் கிரீனில் வண்டி நிறுத்துகிற மனிதர்.

“யாருய்யா இதை வரைஞ்சது?”

“நான்தான்” என்று நெஞ்சை நிமிர்த்தினார் டெலஹன்ட்.

“தினம் காலையில என் குதிரைக்குக் கண்ணு கூசுது. ட்ரினிட்டி பக்கமிருந்து வெயில் அடிச்சு. நீ என்னடான்னா டேம் தெருப் பக்கம் சூரியனைத் தொங்கவிட்டிருக்க. அந்தத் தெருவுக்கு அந்தாண்ட என்ன இருக்கு தெரியுமா? கோட்டை! ஆங்கிலேயன் உக்காந்து நம்மை ஆளுற கோட்டை!”

மீன்காரி ஒருத்தி கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “அடி ஆத்தா! நம்ம விடுதலையே கோட்டை முதுகுல இருந்துதான் வருதாம்டி!”

“வரலம்மா, போகுது” என்றார் ராஃப்டர். “அந்தப் பக்கம் சூரியன் இருந்தா அது சாயங்காலம். விடிஞ்சதுன்னு எழுதிட்டு அஸ்தமனத்தை வரைஞ்சிருக்கான் பாரு, மேற்கே போய்க் கிழக்குன்னு சொன்ன கொலம்பஸ்!”

கூட்டம் சிரித்தது. ‘கை தவறிவிட்டது, மன்னியுங்கள்’ என்று டெலஹன்ட் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவர் வாயில் அந்த வார்த்தை வராது. முகம் சிவந்து, குரலைத் தாழ்த்தி, பெரிய மனிதர் தோரணையில் சொன்னார்:

“யோசிக்காம எதையும் நான் வரையறதில்ல. செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுங்க. அப்பப் புரியும்.”

செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது. முப்பது ஓட்டு. அஸ்தமனம்.

படிக்கட்டில் நின்ற டெலஹன்ட் பச்சைக் கோட்டைப் பற்றி நினைத்திருப்பார். ஆனால் சீக்கிரமே தெளிந்துவிட்டார். மத்தியானத்துக்குள் ஒவ்வொரு மேஜையாக வந்து, “நான் அப்பவே சொன்னேனே” என்றார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. கீஹோவுக்கும் அது வசதியாக இருந்தது. விற்காத பிரதிகளில் ‘விடிந்தது!’ என்ற வரியின் மேல் ‘அஸ்தமனம்’ என்று அச்சடித்த துண்டுத்தாளை ஒட்டி, ‘முன்னரே உணர்ந்த எங்கள் ஓவியர்’ என்று விளம்பரம் போட்டு விற்றார். நாடு தோற்ற துக்கத்தை நாங்கள் பசை தடவித்தான் கொண்டாடினோம்.

அடுத்த வாரம் லண்டன் நகைச்சுவைப் பத்திரிகை ஒன்று அந்தப் படத்தை அப்படியே எடுத்துப் போட்டது. ‘டப்ளின்காரர்கள் முதல்முறையாக உண்மையை வரைந்திருக்கிறார்கள்’ என்று கீழே ஒரு வரி. டெலஹன்ட் மூன்று பிரதி வாங்கினார். ஒன்றைக் கத்தரித்துச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினார். அவர் மனைவி ஹானோரா இதை என்னிடம் பிற்பாடு சொன்னாள். “ஏங்க, நம்மளைக் குரங்குன்னு வரையறவன் பாராட்டுனதையா சுவத்துல மாட்டுறீங்க?” என்று அவள் கேட்டாளாம். “கலைக்குக் கடல் கிடையாதுடி” என்றாராம் தேசபக்தர்.

அந்தச் சட்டம்தான் அவர் கழுத்துக்கு வந்தது. லண்டனில் தப்பாகச் சொன்னால் முட்டாள் என்பார்கள். டப்ளினில் முன்கூட்டிச் சரியாகச் சொன்னால் ஆள்காட்டி என்பார்கள். எழுநூறு வருடமாக நம்மை யாராவது காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இந்த ஊரில் எந்தத் தோல்விக்கும் முதலில் தேடுவது காரணத்தை அல்ல, ஆளை. ராஃப்டர் வண்டியில் ஏறியவர்களிடமெல்லாம் கணக்கை விளக்கினார். சூரியனைக் கோட்டைப் பக்கம் போட்டது யார்? டெலஹன்ட். செவ்வாய்க்கிழமை புரியும் என்று சொன்னது யார்? டெலஹன்ட். லண்டன்காரன் யாரைப் புகழ்கிறான்? டெலஹன்டை. கோட்டையிலிருந்து அவருக்குச் சேதி வந்திருக்கிறது, இல்லாவிட்டால் எப்படித் தெரியும்?

இரண்டே நாளில் ரொட்டிக்கடைக்காரர் ஹானோராவுக்கு ரொட்டி இல்லை என்றார், அலமாரி நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டு. பால்காரி வாசலைத் தாண்டிப் போனாள். பாய்காட் என்று உலகம் சொல்கிறதே, அது இந்த நாட்டில் பிறந்த சொல். அதைச் செய்ய எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சனிக்கிழமை டெலஹன்ட் முகம் மழிக்கப் போனார். நாவிதர் இடக்கன்னத்தை முடித்து, கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்த ஒருவர் அவர் காதில் ஏதோ சொன்னார். நாவிதர் கத்தியை மடித்துப் பைக்குள் போட்டார்.

“எழுந்திருங்க சார்.”

“இன்னொரு கன்னம் இருக்கேப்பா!”

“அதைக் கோட்டையில போய் மழிச்சுக்குங்க.”

பாதி முகத்தில் நுரையோடு டெலஹன்ட் அலுவலகத்துக்கு ஓடி வந்தார். இருபது வருடமாக எந்தப் பக்கமும் சாயாதவர் முகத்தில் கடைசியில் ஒரு பக்கம் தெரிந்தது. நான் சிரித்தேன். எல்லோரும் சிரித்தோம்.

“சிரிக்கிறீங்களே! இன்னிக்கு நுரை, நாளைக்கு என்ன பூசுவானுங்களோ!” என்று கத்தினார். அதிலும் நியாயம் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் நம் ஊரில் ஆள்காட்டி என்று சந்தேகப்பட்டவனைத் தெருவிலேயே கொன்றுபோட்டதை யாரும் மறந்திருக்கவில்லை.

கீஹோ வெளியே வந்தார். பத்திரிகைக்கட்டுகள் கடைகளிலிருந்து பிரிக்கப்படாமலே திரும்பி வரத் தொடங்கியிருந்தன. அவருடைய கருணைக்கு அதுதான் காரணம். “ஒரே வழிதான் இருக்கு. நீ ஆள்காட்டி இல்லை, முட்டாள்னு ஊருக்கு நிரூபிக்கணும்.”

“வேற ஏதாவது வழி...”

“ஆள்காட்டியா முட்டாளா? இதுல பாதிக்கதவு கிடையாது. சீக்கிரம் சொல்லு.”

அன்று சாயங்காலம் ஆபி தெருவில், திருமதி கோர்ம்லியின் மதுக்கடையில் பஞ்சாயத்து கூடியது. பஞ்சாயத்து என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தது, அதில் ராஃப்டர் சாட்டையோடு உட்கார்ந்திருந்தார். டைனன் பழைய இணைப்புப் படங்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். டெலஹன்ட் எதிரே நின்றார், ஒரு கன்னம் வழவழப்பாகவும் ஒரு கன்னம் முள்ளாகவும்.

“இதைப் பாருங்க” என்று டைனன் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். “எரின் வாளை எந்தக் கையில பிடிச்சிருக்கா?”

“பீச்சாங்கையில” என்றது கூட்டம்.

“இதுல கொடி?”

“பீச்சாங்கை!”

“இந்தப் பாதிரியார்?”

“ஐயோ, பாவி! சாமி கையையும் மாத்திட்டானே!” என்று திருமதி கோர்ம்லி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“இருபது வருஷமா இவருக்குக் கல்லு எது, தாளு எதுன்னு தெரியாது. இவரை நம்பி எவன்யா ரகசியம் சொல்லுவான்? கோட்டைக்குப் போன்னு சொன்னா துறைமுகத்துக்குப் போய் நிப்பாரு” என்றார் டைனன். இத்தனை காலம் சேர்த்துவைத்த வெறுப்பை அவர் அன்று நண்பனைக் காப்பாற்றும் பேரில் செலவழித்தார்.

ராஃப்டர் சிரிக்கவில்லை. “அது பழைய படம். இப்ப ஆள் எதிர்ல நிக்கிறான், அவன்கிட்டயே கேப்போம். டெலஹன்ட், சிலுவை போடு.”

டெலஹன்டின் கை தானாக நெற்றிக்குப் போனது. வலக்கையால், சரியாகவே போட்டார்.

“இப்பச் சொல்லு. அது எந்தக் கை?”

டெலஹன்ட் தூக்கிய கையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார், அது முழுக்கச் சாத்தியிருந்தது.

“இடது” என்றார்.

கூட்டம் சிரித்த சத்தத்தில் கண்ணாடிக் கோப்பைகள் அதிர்ந்தன. மேஜையைக் குத்தினார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் அறைந்துகொண்டார்கள். உண்மையாகவே தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் செய்ததிலேயே எந்தப் பக்கமும் பிடிகொடுக்காத சித்திரம் அதுதான் என்பேன்.

ராஃப்டர் சாட்டையால் மேஜையைத் தட்டினார். “போதாது. வாயால சொல்லணும்.”

“என்னன்னு?”

“உனக்குத் தெரியும் என்னன்னு.”

டெலஹன்ட் தொண்டையைச் செருமினார். “படத்துல... ஒரு சின்ன...”

“சத்தமா!”

“நான் தப்பா வரைஞ்சுட்டேன்.”

“எத்தனை வருஷமா?”

“எப்பவுமே.”

ராஃப்டர் எழுந்து, அவர் தோளில் கைபோட்டு, ஒரு கோப்பை விஸ்கி வாங்கிக் கொடுத்தார். “இவன் ஆள்காட்டி இல்லப்பா. இவனுக்கு ஆள்காட்டி விரலே எந்தக் கையில இருக்குன்னு தெரியாது.” கூட்டம் விடுதலை செய்துவிட்டது. அன்று கடையில் இருந்தவர்கள் நாடு தோற்றுப் பத்து நாளில் முதல்முறையாக மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனார்கள். மசோதாவைத் தோற்கடித்தவர்களின் பெயர் அங்கே ஒருவர் வாயிலும் வரவில்லை. ஓர் ஓவியரை முட்டாளாக்கியதில் கணக்குத் தீர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை நாவிதர் மறு கன்னத்தை மழித்தார். ரொட்டிக்கடையில் ரொட்டி கிடைத்தது. பச்சைக் கோட்டைத் தையல்காரர் ஒரு ஹோட்டல் வாசல்காரருக்கு விற்றார். பொத்தான்கள் அவருக்கு நன்றாகவே இருந்தன. லண்டன் பத்திரிகைத் துண்டைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு ஹானோரா தன் அம்மாவின் படத்தை வைத்தாள். டெலஹன்ட் வேலையில் நீடித்தார். தப்பாகவே வரைவார் என்று ஊரறிய ஒப்புக்கொண்டவரை வேலையை விட்டு நீக்க என்ன காரணம் சொல்ல முடியும்?

ஏழு வருடம் கழித்து இரண்டாவது மசோதா வந்தது. மறுபடியும் காலேஜ் கிரீன் வேண்டும் என்றார் கீஹோ. இம்முறை டெலஹன்ட் சூரியனைக் கட்டடத்தின் உச்சிக்கு நேர்மேலே, நட்டநடுவில் போட்டார். இடமும் இல்லை, வலமும் இல்லை, திருப்பினாலும் மாறாது. எரினின் இரண்டு கையும் சால்வைக்குள் இருந்தன. அடியில் ‘நண்பகல்’ என்று எழுதச் சொன்னார்.

1893 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை, பிரபுக்கள் சபை அந்த மசோதாவை 419-க்கு 41 என்று தள்ளியது. மறுநாள் காலை டெலஹன்டின் படம் ஓர் எழுத்தும் மாறாமல் வெளியானது.